கார்க் கண்ணாடியில் தொங்கும் அட்டைகள்

முதல் நாள்: செப்டம்பர் 9, 2024, திங்கள். சியாட்டில், டிஸ்கவரி பார்க்

நில அளவைத் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகளைச் சங்கிலியும் வரைபடமுமாகக் கழித்தவனுக்கு, எந்த ஊரில் கால் வைத்தாலும் முதலில் எழும் கேள்வி, இந்த நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதுதான். ஓய்வு பெற்றபின் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்கலாம் என்று வாஷிங்டன் மாநிலத்துக்கு வந்திருக்கிறேன். தலைநகர் வாஷிங்டன் அன்று. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் பசிபிக் கடலை ஒட்டியிருக்கும் மாநிலம். மகள் குடும்பம் சியாட்டிலுக்குக் கிழக்கே இசக்வா என்னும் சிற்றூரில் இருக்கிறது. மாப்பிள்ளையின் கார் முன்கண்ணாடியில் இரண்டு அட்டைகள் தொங்கின. மூன்றாவது ஒன்று டேஷ்போர்டில் கிடந்தது. "எல்லாம் மலையேறப் போகிற இடங்களில் கார் நிறுத்துவதற்கு, மாமா. ஒன்று மத்திய அரசு, ஒன்று மாநில அரசு, ஒன்று அவர்கள் இரண்டு பேருக்கும் சம்பந்தமில்லாத இடம்" என்றார். அந்த மூன்று அட்டைகளைக் கொண்டே இந்த வாரப் பயணத்தை வகுத்துக்கொண்டோம்.

இன்று எந்த அட்டையும் தேவைப்படவில்லை. டிஸ்கவரி பார்க் சியாட்டில் மாநகரத்துக்குச் சொந்தமான 534 ஏக்கர்; நகரின் மிகப் பெரிய பூங்கா. கடலை நோக்கிய செங்குத்தான மண்மேடு, அதன்மேல் புல்வெளி, கீழே கலங்கரை விளக்கம். இவ்வளவு பெரிய இடம் நகருக்குள் தப்பிப் பிழைத்திருப்பதற்குக் காரணம் நகரத்தின் தொலைநோக்கு அல்ல, ராணுவம். 1890களில் சியாட்டில் குடிமக்களே நிலம் திரட்டிக் கொடுத்து லாட்டன் கோட்டையை வரவழைத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கோட்டை வளரவில்லை. 1938இல் ராணுவம் அதை ஒரே ஒரு டாலருக்கு நகரத்துக்குத் திருப்பித் தர முன்வந்தபோது, பராமரிப்புச் செலவு தாங்காது என்று நகரம் மறுத்துவிட்டது. நிலத்தை வாங்குவது எளிது, வைத்துக்கொள்வதுதான் செலவு என்பது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளுக்கும் தெரிந்த கணக்குதான் என்றாலும், ஒரு டாலரை மறுத்த கதையைக் கேட்டபோது சிரிப்பை அடக்க முடியவில்லை.

ராணுவம் மறுபடி அதைக் கைவிட ஆயத்தமான 1970இல், பெர்னி வைட்பேர் தலைமையில் பழங்குடி மக்கள் வேலியேறிக் கோட்டைக்குள் நுழைந்தார்கள். ஒப்பந்தங்களின்படி உபரியான மத்திய அரசு நிலத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்பது அவர்கள் வாதம். பேச்சுவார்த்தையின் முடிவில் பூங்காவுக்குள் ஒரு பகுதி நீண்டகாலக் குத்தகைக்கு அவர்களுக்குக் கிடைத்தது. 1977இல் அங்கே டேபிரேக் ஸ்டார் பண்பாட்டு மையம் திறக்கப்பட்டது. பூங்கா 1973இல் திறப்புவிழா கண்டது. பேத்தி மணலில் விளையாடிக்கொண்டிருக்க, நான் அந்த மையத்தின் வாசலில் நெடுநேரம் நின்றேன். ஒரே வேலிக்குள் இரண்டு விதமான உரிமை.

இரண்டாம் நாள்: செப்டம்பர் 10, செவ்வாய். கூகர் மலை, டைகர் மலை

இசக்வாவைச் சுற்றி நிற்கும் மூன்று மலைகளைச் செல்லமாக 'இசக்வா ஆல்ப்ஸ்' என்கிறார்கள். காலையில் கூகர் மலை. கிங் கவுண்டி நடத்தும் இந்த வனப்பூங்கா 3,000 ஏக்கருக்கு மேல். கவுண்டியை நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வாக்காளர்களிடம் நேரடியாக வரி கேட்கும் மாவட்டம். பூங்காக்களுக்கென்றே தனிச் சொத்துவரி ஒன்று 2003 முதல் நடைமுறையில் இருக்கிறது. 2019இல் வாக்காளர்கள் அதை மேலும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்தார்கள். எனவே இங்கும் வண்டி நிறுத்தக் கட்டணம் இல்லை. பழைய நிலக்கரிச் சுரங்கக் குழிகளுக்கு வேலி போட்டு எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள். பனிப்போர்க் காலத்தில் ஏவுகணைத் தளமாக இருந்த இடம் இப்போது புல்வெளி.

மதியம் டைகர் மலை. கூகர் மலையிலிருந்து பார்த்தால் அதே காடு, அதே டக்ளஸ் ஃபர் மரம், அதே ஈரப் பாசி. ஆனால் வண்டி நிறுத்துமிடத்தில் பச்சைப் பலகை: 'டிஸ்கவர் பாஸ்' அவசியம். 2024இல் ஆண்டுக்கு 30 டாலர், ஒரு நாளைக்கு 10 டாலர். இல்லாமல் நிறுத்தினால் 99 டாலர் அபராதம். இது மாநிலத்தின் இயற்கை வளத் துறை நிர்வகிக்கும் நிலம். வாரம் முழுவதும் நான் பார்க்கப்போகும் இடங்களில் என் தொழில் மனத்தை மிகவும் கிளர்த்தியது இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

அமெரிக்கா தன் மேற்கு நிலத்தை அளந்தபோது ஆறு மைல் சதுரமாக 'டவுன்ஷிப்' என்று வகுத்து, ஒவ்வொன்றையும் ஒரு சதுர மைல் கொண்ட 36 'செக்ஷன்'களாகப் பிரித்தது. ஒரு செக்ஷன் 640 ஏக்கர். 1889 நவம்பர் 11ஆம் தேதி வாஷிங்டன் தனி மாநிலமானபோது, ஒவ்வொரு டவுன்ஷிப்பிலும் 16ஆம், 36ஆம் எண் செக்ஷன்களைப் பள்ளிகளின் நலனுக்கென்று மத்திய அரசு ஒப்படைத்தது. ஏற்கெனவே குடியேறிகளுக்குப் போய்விட்ட செக்ஷன்களுக்கு ஈடாக வேறிடத்தில் நிலம் தரப்பட்டது. ஏக்கர் பத்து டாலருக்குக் குறைவாக விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருந்தது. அன்று அது பெரிய விலை. விற்க முடியாமல் போனதே நிலத்தைக் காப்பாற்றியது. முந்தைய மாநிலங்கள் பல தங்கள் பள்ளி நிலத்தை மலிவாக விற்றுத் தீர்த்துவிட்ட நிலையில், இந்த மாநிலத்தின் கையில் இன்றும் ஏறக்குறைய 30 லட்சம் ஏக்கர் அறக்கட்டளை நிலம் இருக்கிறது. அதில் ஒரு பகுதி வேறு வழியில் வந்தது: கம்பெனிகள் மரத்தை வெட்டி எடுத்துக்கொண்டு வரி கட்டாமல் கைவிட்டுப் போன மொட்டை மலைகளைக் கவுண்டிகள் கைப்பற்றி, 1920களிலும் 30களிலும் மாநிலத்திடம் ஒப்படைத்தன.

நம் ஊர்க் கோயில் நிலத்தை நினைத்துக்கொண்டால் இந்த ஏற்பாடு சட்டென்று பிடிபடும். நிலம் சாமி பேரில் இருக்கும், அதிகாரி அறங்காவலர், குத்தகைப் பணம் சாமிக்கே சேரவேண்டும், இரக்கப்பட்டுக்கூட யாருக்கும் சும்மா கொடுத்துவிட முடியாது. இங்கே சாமியின் இடத்தில் பள்ளிக்கூடம் இருக்கிறது. மரத்தை வெட்டி ஏலம் விட்டு வரும் வருமானம் பள்ளிக் கட்டடங்களுக்குப் போகிறது. நடக்க வருகிற நாங்கள் அந்த அறக்கட்டளையின் பயனாளிகள் அல்லர். காடு வளரும் காலத்தில் உள்ளே நுழைய அனுமதிக்கப்பட்டவர்கள், அவ்வளவுதான். மலையின் மேற்குப் பகுதியை இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாக ஒதுக்கிவிட்டார்கள். நெடுஞ்சாலை 18 பக்கத்துக் கிழக்குச் சரிவுகளிலோ இன்றும் மரம் வெட்டப்படுகிறது. 1981இல் அன்றைய பொது நில ஆணையர் பிரையன் பாயில் இதை 'நகர்ப்புறச் சூழலில் உழைக்கும் காடு' என்று அறிவித்தாராம். உழைக்கும் காடு என்ற சொற்சேர்க்கை எனக்குப் பிடித்திருக்கிறது. மலைச் சைக்கிள் பாதை ஒன்று அடர்ந்த நிழலிலிருந்து திடீரென்று அடிக்கட்டைகள் மட்டும் நிற்கும் வெளிக்குள் போய், மறுபடி நிழலுக்குள் மறைகிறது.

வெட்டலாமா கூடாதா என்ற வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய், 2022இல் தீர்ப்பு வந்தது: எல்லா மக்களுக்காகவும் வைத்திருக்கும் நிலம் என்று அரசியல் சட்டம் சொல்வதால் மரம் வெட்டி வருமானம் ஈட்டுவது தவறாகிவிடாது, ஆனால் அதிகபட்ச வருமானம் ஈட்டியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆக முடிவு ஆணையரின் விருப்புரிமைக்குள் வந்துவிட்டது. அந்த ஆணையர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் பதவியாளர். கடந்த மாத முதற்கட்டத் தேர்தலில் ஏறத்தாழ 19 லட்சம் வாக்குகள் பதிவாகியும், அடுத்த கட்டத்துக்குப் போகும் இரண்டாம் இடம் யாருக்கு என்பதை 49 வாக்குகள் தீர்மானித்தன. கையால் எண்ணிய மறுஎண்ணிக்கை சில நாட்களுக்கு முன்தான் முடிந்தது. காட்டை வைத்திருக்கும் அதிகாரிக்கு ஓட்டுப் போடும் ஊரை இப்போதுதான் பார்க்கிறேன்.

மூன்றாம் நாள்: செப்டம்பர் 11, புதன். ராட்டில்ஸ்னேக் ஏரி, ஸ்னோகுவால்மி அருவி

ராட்டில்ஸ்னேக் ஏரியில் மறுபடி அட்டை வேண்டாம் என்றார்கள். ஏரியும் சுற்றியுள்ள பூங்காவும் சியாட்டில் மாநகரக் குடிநீர்த் துறையுடையவை. சியாட்டிலோ ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால். கோடை இறுதியில் நீர்மட்டம் தாழ்ந்து, கரையில் ஆளுயரத்துக்கு மேல் பழைய மரக்கட்டைகள் நின்றன. 1915இல் மான்க்டன் என்ற சிற்றூர் இங்கே நீரில் மூழ்கியது. நகரம் சீடர் ஆற்றின் குறுக்கே கட்டிய அணையிலிருந்து நீர் பனியாற்றுப் படிவு மண்ணுக்குள் கசிந்து, ஊருக்கு அடியில் மெல்ல மெல்ல ஊறி மேலே வந்துவிட்டது. வெள்ளம் பாயவில்லை, ஊறியது. மக்கள் வீடுகளை விட்டுப் போகவேண்டியதாயிற்று, நகரம் இழப்பீடு கொடுத்தது.

ஏரிக்கு அப்பால் சீடர் ஆற்று நீர்ப்பிடிப்பு 90,000 ஏக்கருக்கு மேல் விரிகிறது. முழுவதும் மாநகரத்தின் சொத்து, முழுவதும் பூட்டு. 1889 ஜூன் 6ஆம் தேதி சியாட்டிலின் வணிகப் பகுதி தீயில் எரிந்தபோது தனியார் குழாய்களில் தண்ணீர் வரவில்லை. அடுத்த மாதமே நகரமே நீர் வழங்கவேண்டும் என்று மக்கள் வாக்களித்தார்கள். அந்தத் தண்ணீரைக் காக்க நகரம் சிறுகச் சிறுக நிலம் வாங்கி, மத்திய வனத்துறையிடம் இருந்த கடைசித் துண்டுகளையும் 1990களில் மாற்றிக்கொண்டது. இன்று வழிகாட்டியோடு அல்லாமல் உள்ளே போக முடியாது. பொது நிலம் என்றால் பொதுமக்கள் நடமாடும் நிலம் என்று நான் எண்ணியிருந்த சமன்பாடு இந்த வேலியருகே உடைந்தது. வேலிக்கு வெளியே, ராட்டில்ஸ்னேக் பாறை விளிம்புக்கு ஏறும் பாதையில் திருவிழாக் கூட்டம். விளிம்பில் உட்கார்ந்து, யாரும் மிதிக்காத காட்டைப் பார்த்தபடி புளிசாதம் சாப்பிட்டோம்.

மாலையில் ஸ்னோகுவால்மி அருவி: 268 அடி, செப்டம்பரில் மெலிந்த நீர். பார்வை மேடையும் நடைபாதையும் ஒரு தனியார் மின் நிறுவனம் வைத்திருப்பவை. 1899 முதல் அருவிக்குப் பின்னால் பாறைக்குள் மின் நிலையம் ஓடுகிறது. மத்திய உரிமத்தின் நிபந்தனைகளில் பார்வையாளருக்கு வசதி செய்து தருவதும் அடக்கம். ஸ்னோகுவால்மி பழங்குடி மக்களுக்கு இது புனித இடம். 

நான்காம் நாள்: செப்டம்பர் 12, வியாழன். மலைக்கு அப்பால், டீயனவே

ஸ்னோகுவால்மி கணவாயைக் கடந்ததும் காடு உலர்ந்து மரங்கள் விலகி நிற்கின்றன. மழைநிழல் என்ன செய்யும் என்பதை ஆரல்வாய்மொழியைக் கடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வழியெல்லாம் தேசியக் காடு. இந்த மாநிலத்தில் மட்டும் 90 லட்சம் ஏக்கருக்கு மேல், மூன்று தேசியப் பூங்காக்களையும் சேர்த்தாலும் அதில் கால்பங்குக்கும் குறைவு. வசதிகள் உள்ள பாதைத் தொடக்கங்களில் மத்திய அரசின் அட்டை வேண்டும். எல்லா மத்திய நிலத்துக்குமான ஆண்டு அட்டை 2024இல் 80 டாலர். மாநில அட்டை இங்கே செல்லாது. மத்திய அட்டை டைகர் மலையில் செல்லாது. ஒரு முறை அவசரத்தில் அட்டையை மாற்றித் தொங்கவிட்டு அபராதம் கட்டிய கதையை மாப்பிள்ளை வழியில் சொன்னார்.

வரைபடத்தில் இந்தக் கணவாய்ப் பகுதி ஒரு காலத்தில் சதுரங்கப் பலகையாக இருந்தது. 1864இல் நார்தர்ன் பசிபிக் ரயில்வேக்குத் தண்டவாளம் போட ஊக்கமாக, பாதையின் இருபுறமும் நாற்பது மைல் அகலத்தில் ஒற்றைப்படை எண் செக்ஷன்களை அரசு கொடுத்தது. இரட்டைப்படை அரசிடமே நின்றது. ஒரு சதுர மைல் வெட்டப்பட்டு, அடுத்தது அடர்ந்து, அதற்கடுத்தது வெட்டப்பட்டு என்று மலைமேல் கட்டம் போட்டதுபோல் தெரியும். ரயில்வே நிலம் மரக் கம்பெனிகளின் கைக்கு மாறியது. பின்னர் நூறாண்டு கழித்து அதையே திரும்ப விலைக்கு வாங்கிச் சேர்க்கிறார்கள். சும்மா கொடுத்ததைக் காசு கொடுத்து மீட்பது!

டீயனவே அப்படிப்பட்ட பள்ளத்தாக்கு. 2013இல் மாநிலம் 50,241 ஏக்கரை ஏறக்குறைய 9.7 கோடி டாலருக்கு வாங்கி, தன் முதல் 'சமூகக் காடு' என்று பெயரிட்டது. வாங்கிய காரணம் மலையேற்றம் அல்ல, யாகிமா பள்ளத்தாக்கின் ஆப்பிள் தோட்டங்களுக்கும் சால்மன் மீன்களுக்கும் தண்ணீர். ஆனால் மாடு மேய்ப்பது, கூடாரம் அடிப்பது, குதிரையில் போவது எல்லாம் தொடரவேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். உள்ளூர்க்காரர்கள் அமர்ந்த ஆலோசனைக் குழுவும் உண்டு. இயற்கை வளத் துறையும் மீன் வனவிலங்குத் துறையும் சேர்ந்து நடத்துகின்றன. இந்த இரண்டாவது துறையிடம் தனியாகப் பத்து லட்சம் ஏக்கர் அளவுக்கு நிலம் இருக்கிறது; அதற்கு வரும் பணத்தில் ஒரு பகுதி, 1937ஆம் ஆண்டுச் சட்டப்படி துப்பாக்கி, தோட்டா விற்பனைமீது போடப்படும் மத்திய வரி. பறவை பார்க்கப் போகிறவர்கள் தோட்டா வாங்குகிறவர்களுக்கு நன்றி சொல்லவேண்டிய நிலை. ஆற்றங்கரையில் மாடுகள் எங்கள் காரை முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின. மேய்ச்சல் புறம்போக்கை நாங்கள் எந்தெந்தக் காரணத்துக்கெல்லாம் வகை மாற்றிக் கையெழுத்துப் போட்டோம் என்று ஒரு கணம் நினைத்தேன்.

ஐந்தாம் நாள்: செப்டம்பர் 13, வெள்ளி. வீட்டில்

முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பணத்தின் வழியை மட்டும் குறித்துவைக்கிறேன்.

டிஸ்கவர் பாஸ் 2011 ஜூலையில் பிறந்தது. பொருளாதார வீழ்ச்சியில் மாநிலம் பூங்காக்களுக்குக் கொடுத்துவந்த பொது நிதியை வெட்டியதன் விளைவு அது. அன்றைய சட்டம் வசூலில் ஒரு குறிப்பிட்ட தொகை வரை 84 விழுக்காட்டை மாநிலப் பூங்காக்களுக்கும், தலா 8 விழுக்காட்டை இயற்கை வளத் துறைக்கும் மீன் வனவிலங்குத் துறைக்கும் ஒதுக்கியது. நிலத்தின் அளவில் பார்த்தால் நேர்மாறு: மாநிலப் பூங்காக்களிடம் இருப்பது ஒன்றேகால் லட்சம் ஏக்கர் அளவில்தான். இந்தப் பங்கீடு சரிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கழிப்பறையும் கூடாரத் தளமும் படகுத்துறையும் பூங்காக்காரர்களிடம்தான் இருக்கின்றன. மரம் தானே வளரும்.

புதிதாக நிலம் வாங்கும் பணம் வேறு. 1964இல் மக்களே முன்மொழிந்து நிறைவேற்றிய ஒரு சட்டம், படகுகளில் எரியும் பெட்ரோல் மீதான வரியில் திருப்பிக் கேட்கப்படாத பகுதியை நீர்நிலையோரப் பொழுதுபோக்கு நிலம் வாங்க ஒதுக்கியது. அதே ஆண்டு நாடாளுமன்றத்தில், இந்த மாநிலத்து செனட்டர் ஹென்றி ஜாக்சன் முன்னின்று, நிலம் மற்றும் நீர் பாதுகாப்பு நிதியை உருவாக்கினார். இன்று அதன் பணம் பெரும்பாலும் கடலடி எண்ணெய், எரிவாயு உரிமத் தொகையிலிருந்து வருகிறது. 1989இல் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த முன்னாள் ஆளுநர் டான் எவன்ஸும், சனநாயகக் கட்சியைச் சேர்ந்த, பின்னாளில் ஆளுநரான மைக் லவ்ரியும், எதிரெதிர் அணியினராக இருந்தும் கூட்டணி அமைத்து, மாநில நிதித் திட்டம் ஒன்றை அடுத்த ஆண்டே கொண்டுவந்தார்கள். இதை வாசித்துக் காட்டியபோது, "எண்ணெய் எடுத்த காசில் காடா, தாத்தா?" என்றாள் பேத்தி.

ஆறாம் நாள்: செப்டம்பர் 14, சனி. டிசெப்ஷன் பாஸ்

மாநிலப் பூங்காக்களிலேயே அதிகக் கூட்டம் வரும் பூங்கா இது. 1935இல் திறந்த இரட்டைப் பாலத்தின் நடுவில் நின்றால் ஏறக்குறைய 180 அடி கீழே கடல் நீர் சுழித்து ஓடுகிறது. பூங்காவின் கல்வேலிகளையும் மரக் கூடாரங்களையும் பெருமந்தக் காலத்தில் மத்திய அரசு வேலைக்கு எடுத்த இளைஞர்கள் கட்டினார்கள். இதுவும் முதலில் ராணுவத்துக்கென ஒதுக்கிய நிலமே.

இங்கே கடற்கரையில் நடப்பது சுகம். ஆனால் பூங்கா எல்லை முடிந்ததும் 'தனியார் கடற்கரை' என்ற பலகை வந்துவிடுகிறது. அலைவாய்க்கு எப்படிப் பட்டா கொடுப்பார்கள் என்று நான் திகைத்து நின்றேன். கொடுத்திருக்கிறார்கள்: மாநிலம் பிறந்த 1889 முதல் 1971 வரை, ஏற்றவற்றத்துக்கு இடைப்பட்ட நிலத்தைச் சிப்பி வளர்ப்போருக்கும் கரையோர வீட்டுக்காரர்களுக்கும் விற்றுவந்தார்கள். இந்த உள்கடல் பகுதியின் அலைவாய் நிலத்தில் பாதிக்கு மேல் இன்று தனியார் கையில். மலையைப் பள்ளிக்கூடத்துக்காக விலை வைத்துக் காத்த அதே மாநிலம், கடற்கரைக்கு அப்படி ஒரு காவலை வைத்துக்கொள்ளவில்லை.

ஏழாம் நாள்: செப்டம்பர் 15, ஞாயிறு. நியா பே

விடியுமுன் கிளம்பி, படகில் கார் ஏற்றி, கடலோரச் சாலையில் வளைந்து வளைந்து, நண்பகலில் நியா பே. டேஷ்போர்டில் கிடந்த மூன்றாவது அட்டை இந்த ஊருடையது. இங்கு வாழ்பவர்கள் மக்கா இனத்தார். எங்கள் நாகர்கோவில் பக்கத்தில் நண்பனை அழைக்கும் சொல்லே அது என்பதால், ஊர் எல்லைப் பலகையைப் பார்த்ததும் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. மாப்பிள்ளைக்கு மதுரை, அவருக்கு அது புரியவில்லை.

மக்கா பொழுதுபோக்கு அட்டை ஒரு வண்டிக்கு 20 டாலர், அந்த ஆண்டு முடியும் வரை செல்லும். இது பொது நிலம் அல்ல. 1855 சனவரி 31ஆம் தேதி நியா பே ஒப்பந்தத்தில் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்தபோது தங்களுக்கென நிறுத்திக்கொண்ட பகுதி. 2020 மார்ச்சில் பெருந்தொற்று வந்ததும் வெளியாருக்குப் பாதையை அடைத்தார்கள். அரசுப் பூங்காக்கள் சில வாரங்களில் திறந்தும், இவர்கள் முதியவர்களைக் கருதி இரண்டு ஆண்டு திறக்கவில்லை. யாரும் கேள்வி கேட்க முடியாது, அவர்கள் வீடு. திறக்கவும் அடைக்கவும் உரிமை உள்ளவர் ஒருவர் தெளிவாக இருப்பது எவ்வளவு நேரான ஏற்பாடு என்று, ஒரு வாரம் துறைகளின் பெயர்களில் சிக்கிக் கிடந்த எனக்குத் தோன்றியது.

தெற்கே ஷை ஷை கடற்கரைக்குப் போகும் பாதை இவர்கள் நிலத்தில் தொடங்கி ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் முடிகிறது. இரவு தங்குவோருக்கு மக்கா அட்டையும் வேண்டும், பூங்காவின் அனுமதிச் சீட்டும் வேண்டும். முழங்காலை முன்னிட்டு அதை விட்டுவிட்டு, அருகிலுள்ள ஃபிளாட்டரி முனைக்கு நடந்தோம். முக்கால் மைல், சேற்றுக்கு மேல் தேவதாரு வகைப் பலகை பாவிய பாதை. அலாஸ்காவைச் சேர்க்காத தொடர் நிலப்பரப்பின் வடமேற்கு ஓரம். பாறைக் குகைகளுக்குள் அலை புகுந்து இடிப்பது காலடியில் அதிர்ந்தது. எதிரே டடூஷ் தீவும் அதன் கலங்கரை விளக்கமும். அதுவும் மக்கா மக்களுடையது; அவர்கள் அனுமதி இல்லாமல் யாரும் இறங்க முடியாது. பேத்தி என் தொலைநோக்கியை வாங்கித் தீவை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு படகுக்கு நேரமாயிற்று என்று மாப்பிள்ளை கூப்பிட்டார்.